சமூகப்பணி முதுமாணி: மலையகத்திலிருந்து போய்ப் படித்து வந்தவளின் மதிப்பீடு

பட்டமளிப்பு விழாப் படத்தைப் போட்ட நாளிலிருந்து தலவாக்கலை, பொகவந்தலாவை, பண்டாரவளை என்று இலங்கை மலையகப் பக்கத்துத் தம்பி தங்கச்சிமார் கேட்பது ஒரே கேள்விதான்: "அக்கா, அந்த மாஸ்டர்ஸ் காசுக்குப் பெறுமதியா?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் குரல்பதிவு அனுப்பி முடியவில்லை, அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். நான் படித்தது சமூகப்பணி முதுமாணி, அதில் பொதுக் கொள்கையும் பரிந்துரைத்தலும் சிறப்புப் பாடம். வார இறுதி வகுப்பு. இரண்டு வருஷம் என்று போட்டிருந்தார்கள், எனக்கு மூன்றுக்கு மேல் போனது. நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை, ஏனென்றால் குறைகளையும் சொல்லப்போகிறேன், வேறு இடங்களில் இதே மாதிரிப் படித்தவர்களோடு பேசிப் பார்த்தால் அவர்களும் பாதிக் குறையை அப்படியே சொல்கிறார்கள்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெறுமதிதான், ஆனால் கையில் ஒரு பிரச்சினையை வைத்துக்கொண்டு போகிறவருக்கு. சும்மா ஒரு பட்டம் வேண்டும், சம்பளப் படி ஏற வேண்டும் என்று போனால் அந்தக் காசுக்கும் தூக்கத்துக்கும் கட்டாது.

நம் பக்கத்தில் படித்த பிள்ளை என்றால் ஆசிரியர்தான், பத்தனை ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரிக்குப் போகும் வழி எல்லா வீட்டுக்கும் தெரியும். சமூகப்பணி என்றால் உலர் உணவுப் பொதி கொடுப்பது, பிள்ளைகளுக்குக் கொப்பி கொடுப்பது, அல்லது குடிகாரப் புருஷனுக்குப் புத்தி சொல்வது என்றுதான் நினைக்கிறார்கள். ஆறு வருஷம் ஒரு தொண்டு நிறுவனத்தில் கள உத்தியோகத்தராக நானும் அதைத்தான் செய்தேன். தவறில்லை, அதுவும் இந்தத் துறையில் ஒரு பகுதி. ஒரு ஆளோடு வேலை, ஒரு குழுவோடு வேலை, ஒரு சமூகத்தோடு வேலை என்று அடுக்கு அடுக்காகப் போய், கடைசி அடுக்கில்தான் சட்டமும் கொள்கையும் வருகின்றன. அந்தக் கடைசி அடுக்குக்கு ஆள் எடுக்கும் படிப்பு இது. அட்வகசி என்ற சொல்லுக்குத் தமிழில் பரிந்துரைத்தல் என்று எழுதுகிறார்கள், எனக்குப் 'பரிந்து பேசுதல்' என்பதுதான் பிடிக்கும், அதில் பரிவும் இருக்கிறது பேச்சும் இருக்கிறது.

நான் கொண்டுபோன பிரச்சினை கடிதம்.

தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் லயத்துக்கு, அதாவது தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளுக்கு, அரசாங்கத் தபால்காரர் வருவதில்லை. தோட்டத்துத் தப்பால்காரர் டவுன் தபால் கந்தோருக்குப் போய் முழுத் தோட்டத்துக் கடிதத்தையும் ஒரு பையில் வாங்கி வருவார், பை ஆபிசுக்குப் போகும், கிளாக்கர் பிரித்து டிவிசன் டிவிசனாகக் கட்டி வைப்பார், அப்புறம் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டில் யாராவது கொழுந்துக்குப் போகிற ஆளிடம் கொடுத்துவிடுவார்கள். வீட்டுக்கு இலக்கம் கிடையாது. முகவரி என்றால் தோட்டத்தின் பெயர், டிவிசன் பெயர், அவ்வளவுதான். எங்கள் டிவிசனில் மட்டும் லெட்சுமி என்ற பெயரில் நான்கு பேர், அதில் இரண்டு பேரின் அப்பா பெயரும் ஒன்று. எங்கள் லயத்துத் தொங்கல் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு அரசாங்க வேலைக்கான நேர்முகத் தேர்வுக் கடிதம் வந்தது, அது இன்னொரு லயத்தில் சாமிப்படத்துக்குப் பின்னால் பதினோரு நாள் இருந்தது. கையில் கிடைத்தபோது நேர்முகத் தேர்வு முடிந்து மூன்று நாள். அந்தக் கடித உறையின் மூலையில் யாரோ பால் கணக்கு எழுதியிருந்தார்கள். அதை இன்னும் வைத்திருக்கிறேன்.

அன்றைக்கு நான் செய்தது என்ன தெரியுமா, நேரே ஆபிசுக்குப் போய்க் கிளாக்கரோடு சண்டை பிடித்தேன். அவரும் பாவம், ஒரு நாளைக்கு எத்தனை வேலை. சண்டை முடிந்தது, அடுத்த வாரமும் கடிதம் அதே வழியில்தான் வந்தது.

2022 ஆரம்பத்தில் சேர்ந்தேன். எந்த வருஷம் என்று பாருங்கள். சேர்ந்து சில மாதத்தில் பெற்றோல் வரிசை, மின்வெட்டு, வகுப்பெல்லாம் ஸூமுக்கு மாறியது. லயத்தில் சிக்னல் இல்லை, தேயிலை மலைக்கு மேலே சவுக்கு மரத்தடிக்குப் போனால்தான் இரண்டு கோடு விழும், சமூகக் கொள்கைப் பாடத்தின் முதல் பாதியை நான் குடைக்குக் கீழே உட்கார்ந்துதான் கேட்டேன். வகுப்பு திரும்ப நேரடியாகத் தொடங்கியபோது வெள்ளிக்கிழமை இரவுத் தபால் ரயிலில் தலவாக்கலையில் ஏறி விடியமுன் கொழும்புக் கோட்டையில் இறங்கி, ஸ்டேஷனிலேயே முகம் கழுவி, எட்டரைக்கு வகுப்பில் இருப்பேன். ஞாயிறு மாலை அவிசாவளை, கித்துல்கல வழியாகப் பஸ், திங்கள் காலை வேலை. 2025 நவம்பரில் டித்வா புயல் மலையக ரயில் பாதையைப் பல இடத்தில் உடைத்துப் போட்டது, இனிப் போகிறவர்கள் ரயிலை நம்பித் திட்டம் போடாமல் இரண்டு இரவு தங்க ஒரு இடத்தைக் கொழும்பில் முதலிலேயே பார்த்து வையுங்கள். பயணச் செலவும் தங்கும் செலவும் சேர்ந்தால் படிப்புக் கட்டணத்தைத் தொட்டுவிடும், எனக்கு அப்படித்தான் ஆனது. கட்டணத்தைத் தவணையாகக் கட்டலாம் என்பது ஒரு உதவி, ஆனால் பரீட்சைக் கட்டணம், நூலக வைப்பு, ஆய்வு சமர்ப்பிக்கும் கட்டணம் என்று பிறகு பிறகு வந்தவற்றை விளம்பரத்தில் ஒருவரும் எழுதியிருக்கவில்லை. சேரமுன் முழுத் தொகையையும் எழுத்தில் கேளுங்கள்.

முதல் தவணையில் மனித நடத்தை, சமூகப்பணிக் கோட்பாடுகள், ஆளோடும் குழுவோடும் வேலை செய்யும் முறைகள். களத்தில் வேலை செய்தவர்களுக்குப் பாதி தெரிந்த விஷயம்தான், அதற்குப் பெயர் வைத்துச் சொல்கிறார்கள். இரண்டாம் தவணையிலிருந்துதான் படிப்பு சூடு பிடிக்கிறது.

கொள்கைப் பகுப்பாய்வு எடுத்த விரிவுரையாளரைப் பற்றிச் சொல்லாமல் இந்த மதிப்பீடு முழுமையாகாது. முதல் கட்டுரையாக நான் கடிதப் பிரச்சினையை எழுதிக் கொடுத்தேன், பதினான்கு பக்கம், 1948இல் எங்கள் மக்களின் குடியுரிமை பறிக்கப்பட்டதிலிருந்து தொடங்கி, 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்ப இரண்டு அரசாங்கமும் கணக்குப் போட்டது, 3 லட்சம் பேரை இங்கே வைத்துக்கொள்வது என்று முடிவெடுத்தது, 1988, 2003 குடியுரிமைச் சட்டங்கள் வரைக்கும் எல்லாவற்றையும் கொட்டி, கண்ணீரோடு எழுதினேன். அவர் திருப்பிக் கொடுத்தபோது முதல் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரே வரி: "இது மாற யார் கையெழுத்துப் போட வேண்டும்?"

எனக்குக் கோபம் வந்தது. இரண்டு நாள் யோசித்தேன். பதினான்கு பக்கத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. எனக்கே தெரியாது. தபால் திணைக்களமா, தோட்டக் கம்பனியா, பிரதேச சபையா, கிராம உத்தியோகத்தரா? நான் படித்த மூன்று வருஷத்தையும் ஒரு வரிக்குள் சுருக்கச் சொன்னால் அந்தச் சிவப்பு மை வரியைத்தான் காட்டுவேன். நம் ஆட்களுக்குக் குறை சொல்லத் தெரியும், ஊர்வலம் போகத் தெரியும், 2023இல், எங்கள் முன்னோர் இந்தியாவிலிருந்து வந்து 200 வருஷம் ஆனதை நினைத்த மலையகம் 200ஐ ஒட்டி தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் நடந்தே வந்த மக்கள் நாங்கள், பேசத் தெரியாதவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் எந்த மேசையில் எந்தக் கடதாசியைப் போய் வைத்தால் அது நகரும் என்பதை எங்களுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. அதைத்தான் இங்கே சொல்லித் தருகிறார்கள்.

அப்புறம் அதிகார வரைபடம் என்று ஒரு பயிற்சி. பிரச்சினையை நடுவில் எழுதி, அதைத் தீர்மானிக்கிறவர், தடுக்கிறவர், தீர்மானிக்கிறவரின் காதில் போடக்கூடியவர், பாதிக்கப்படுகிறவர் என்று சுற்றிலும் எழுதிக் கோடு போட வேண்டும். ஒரு ஞாயிறு வகுப்பு இல்லை, வீட்டில் பழைய கலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு, இஸ்தோப்பில் (வாசல் திண்ணையில்) உட்கார்ந்து வரைந்தேன். தபால் மா அதிபர், கம்பனி, தோட்டத்து மனேஜரான துரை, பிரதேச செயலாளர், சபைச் செயலாளர், யூனியன் தலைவர், பாராளுமன்ற உறுப்பினர் என்று எல்லாப் பெரிய ஆட்களும் வந்துவிட்டார்கள். அம்மா கொழுந்துக் கூடைக் கயிற்றைச் சரி செய்துகொண்டே எட்டிப் பார்த்து, ஒவ்வொன்றாக வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "ஏம்புள்ள, தப்பால்காரர எங்க போட்ட?" என்றார்.

போடவே இல்லை. எந்த லெட்சுமி எந்த லயம், எந்தப் பெருமாள் பணிய லயம், எந்தப் பெருமாள் மேட்டு லயம் என்று தோட்டத்திலேயே தெரிந்த ஒரே ஆள் அவர்தான். அடுத்த வாரம் வகுப்பில் அந்தக் கலண்டர் தாளை ஒட்டி அம்மா சொன்னதைச் சொன்னபோது, விரிவுரையாளர் மற்ற எல்லாருடைய வரைபடத்தையும் எடுத்து, இதில் தப்பால்காரர் யார் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார். நீர்கொழும்பு மீனவர்களைப் பற்றி எழுதிய நண்பருக்கு ஐஸ் ஏற்றுகிற ஆள் விடுபட்டிருந்தார்.

சட்டம் வாசிக்கும் பாடத்துக்கும் முழு மதிப்பெண் கொடுப்பேன். ஒரு சட்டத்தை எடு, அதில் ஒரே ஒரு பிரிவை எடு, அது யாருடைய வாழ்க்கையில் எப்படி இறங்குகிறது என்று எழுது, இதுதான் வேலை. நான் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவை எடுத்தேன். சின்ன வயதில் அப்பா பத்துப் பேரோடு போய் லயத்துக்கு வரும் பாதையைப் போட்டுத் தரும்படி கேட்டபோது, "அது தோட்டத்து ரோடு, சபைக் காசைப் போட ஏலாது" என்று சொல்லி அனுப்பியதை வீட்டில் அடிக்கடி பேசுவார்கள். யாரோ ஒரு அதிகாரி கெட்டவர் என்றுதான் நினைத்து வளர்ந்தேன். சட்டத்தை வாசித்தபோதுதான், நாங்கள் வாக்குப் போட்டுத் தெரிவு செய்த சபை எங்கள் குடியிருப்புக்குச் செலவு செய்வதற்கு அந்தப் பிரிவே முட்டுக்கட்டையாக இருந்தது என்று புரிந்தது. 2018இல் அதைத் திருத்தினார்கள். திருத்தி ஐந்து வருஷத்துக்குப் பிறகு, 2023இல், சபைகளின் காலம் முடிந்து செயலாளர்கள் பொறுப்பில் இருந்த நேரம், நான் போய்ப் பாதையைப் பற்றிக் கேட்டபோது ஒரு சபை அலுவலகத்தில் கிடைத்தது அப்பாவுக்குக் கிடைத்த அதே பதில். திருத்தச் சட்டத்தின் சிங்களப் பிரதியை அச்செடுத்துக் கொண்டுபோயிருந்தேன். அந்த உத்தியோகத்தர் நின்றபடியே வாசித்தார், பிறகு உட்கார்ந்து இன்னொரு முறை வாசித்தார், ஒரு பிரதி வைத்துக்கொள்ளலாமா என்று மரியாதையாகக் கேட்டார். அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. சட்டம் மாறுவதும் மாறியது கீழே வந்து சேர்வதும் இரண்டு வேறு வேலை என்பதைப் புத்தகத்தில் அமுலாக்க இடைவெளி என்று படித்தேன், அந்த மேசைக்கு முன்னால்தான் அது எனக்கு விளங்கியது.

தகவல் அறியும் உரிமைச் சட்டமும் அப்படித்தான். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. எல்லாரும் கேள்விப்பட்டிருப்பீர்கள், எத்தனை பேர் விண்ணப்பம் போட்டிருக்கிறீர்கள்? இங்கே அது வீட்டு வேலை, போட்டே ஆக வேண்டும். 14 வேலை நாளுக்குள் தகவல் தருவதா இல்லையா என்று தகவல் உத்தியோகத்தர் முடிவு சொல்ல வேண்டும், இல்லையென்றால் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தரிடம் மேன்முறையீடு, அதற்கும் மேலே ஆணைக்குழு. எனக்கு வந்த பதில் முழுக்கச் சிங்களத்தில் இருந்தது, நான் கேட்டது தமிழில். தமிழில் வேண்டும் என்று திரும்ப எழுதினேன், ஒரு மாதத்தில் வந்தது, நான்கு வரி. அந்த நான்கு வரியை வைத்துத்தான் ஆய்வின் மூன்றாம் அத்தியாயமே எழுதினேன்.

புள்ளிவிபர வகுப்பைப் பற்றிப் பயப்படாதீர்கள். கலைப் பிரிவில் படித்துவிட்டு வந்த எனக்கே பிடித்துப்போனது. எங்கள் மாவட்டத்தின் பிரதேச செயலகங்களை எடுத்து ஒரு கணக்குப் போட வைத்தார்கள். 2012 சனத்தொகைக் கணக்கெடுப்பில் நுவரெலியா, அம்பகமுவ என்ற இரண்டு பிரிவில் மட்டும் தலா 2 லட்சத்துக்கு மேல் மக்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அநுராதபுரத்துத் தோழி தன் பிரிவின் கணக்கை வைத்துக்கொண்டு என் தாளைப் பார்த்தார், பார்த்துவிட்டு, "உங்களுக்கு ஒரு பிறப்புச் சான்றிதழ் எடுக்க எத்தனை மணிக்கு வரிசைக்குப் போக வேண்டும்?" என்று கேட்டார். இருட்டோடு என்றேன். ஒரு அட்டவணை ஒரு மனிதரிடம் அப்படிப் பேச முடியும் என்று அன்றைக்குத்தான் கண்டேன்.

இனிக் குறைகள்.

முதலாவது மொழி. ஆங்கில மூலம் என்று போட்டிருக்கிறார்கள். நடப்பில் பாதி வகுப்பு சிங்களத்துக்கு வழுக்கிவிடும், கலந்துரையாடல் சூடாகும்போது முழுதாகவே போய்விடும். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை, ஆனால் என் கருத்தைச் சொல்ல வேண்டிய இடத்தில் நான் சொல் தேடிக்கொண்டிருந்தேன். தமிழில் ஒரு வாசிப்புக் கட்டுரைகூடத் தரவில்லை. நான் ஒரு கொப்பியில் ஒவ்வொரு கலைச்சொல்லுக்கும் மூன்று மொழியிலும் எழுதி, பக்கத்தில் தோட்டத்துச் சொல்லையும் எழுதிக்கொண்டு போனேன், இறுதியில் அது 140 பக்கக் கொப்பி. இதை நிறுவனம் செய்து கொடுத்திருக்க வேண்டும். தமிழ் மாணவர்களிடம் அதே கட்டணத்தைத்தான் வாங்குகிறார்கள்.

இரண்டாவது களப்பயிற்சி, இதில் எனக்கு இன்னும் மனக்கசப்பு இருக்கிறது. அமெரிக்காவில் சமூகப்பணி முதுமாணிக்குக் குறைந்தது 900 மணி நேரக் களப்பயிற்சி என்று அங்கீகாரம் கொடுக்கும் சபையே விதி வைத்திருக்கிறது, ஏனென்றால் இந்தத் தொழிலுக்குக் களம்தான் வகுப்பறை. என்னைக் கொழும்புக்குப் பக்கத்தில் ஒரு அலுவலகத்துக்குப் போட்டார்கள். கோப்புக்கு இலக்கம் போடுவதும் கூட்டத்துக்குக் கதிரை அடுக்குவதும்தான் வேலை. நுவரெலியா மாவட்டத்தில் செய்கிறேன், கொள்கை சம்பந்தமான இடம் நானே தேடித் தருகிறேன் என்று கேட்டு நான்கு மாதம் அலைந்தேன். மேற்பார்வையாளர் இரண்டு முறை மாறினார், இரண்டாமவர் என் அறிக்கையை வாசிக்காமலே கையெழுத்துப் போட்டுத் திருப்பினார். கையெழுத்து யாருடையது என்று கேட்கக் கற்றுத் தந்த இடத்திலேயே இப்படி நடந்ததுதான் வலித்தது.

மூன்றாவது, எடுத்துக்காட்டுகள். சிக்காகோவில் 1889இல் ஜேன் ஆடம்ஸ் தொடங்கிய ஹல் ஹவுஸைப் பற்றி ஒரு முழு நாள் படித்தோம். நல்ல பாடம், குறை சொல்ல மாட்டேன். அங்கே கொஞ்சக் காலம் வேலை செய்த பிரான்சிஸ் பெர்கின்ஸ் 1911இல் நியூயோர்க்கில் ஆடைத் தொழிற்சாலை எரிந்ததைத் தெருவில் நின்று கண்ணால் பார்த்தார், கதவு பூட்டியிருந்ததால் பிள்ளைகள் மாடியிலிருந்து குதித்தார்கள், 146 பேர் செத்தார்கள். அதோடு அவர் வீட்டுக்குப் போய் அழுதுவிட்டு இருக்கவில்லை, விசாரணை ஆணைக்குழுவில் வேலை செய்து தொழிற்சாலைச் சட்டங்களை மாற்ற உழைத்து, 1933இல் தொழில் அமைச்சராகவே வந்து, 1935இல் அந்த நாட்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வருவதற்கு முன்னின்றார். இதைக் கேட்டபோது எனக்கு 2014 ஒக்டோபர் 29தான் ஞாபகம் வந்தது, கொஸ்லந்தை மீரியாபெத்தை. மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போன நாள். அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் முன்னரே எச்சரித்திருந்தது. எச்சரிக்கைக் கடிதம் யார் மேசையில் இருந்தது, மாற்றுக் காணி கொடுக்க யார் கையெழுத்து வேண்டியிருந்தது என்பதைத்தான் இந்தப் படிப்பு படிக்க வேண்டும், ஆனால் அதைப் பாடத்திட்டத்தில் காணோம், நான் எழுந்து சொன்ன பிறகுதான் அரை மணி நேரம் பேசினோம்.

பரிந்து பேசிய எங்கள் ஆட்களையும் அங்கே யாருக்கும் தெரியாது. அறிமுகப்படுத்தும்படி எனக்கு ஒரு சந்தர்ப்பம் கிடைத்தபோது கோ. நடேசய்யரைப் பற்றியும் அவர் மனைவி மீனாட்சியம்மையைப் பற்றியும் சொன்னேன். வெளியாள் தோட்டத்துக்குள் கால் வைக்க முடியாத காலத்தில் துணி வியாபாரி வேஷத்தில் உள்ளே போய் நிலைமையைப் பார்த்து வந்து எழுதிய மனிதர், 1930களில் ஹட்டனை மையமாக வைத்துத் தொழிலாளர் சங்கம் கட்டியவர், சட்டசபைக்குள்ளும் போய்ப் பேசியவர். எழுத்து வாசிப்பு இல்லாத மக்களுக்கு அதே விஷயத்தை மீனாட்சியம்மை பாட்டாகக் கொண்டுபோனார். களத் தகவல் சேகரிப்பு, அமைப்பாக்கம், சட்டவாக்கம், மக்கள் தொடர்பு என்று நான்கு பாடத்தில் படித்தது இந்த இரண்டு பேரிடமும் இருந்தது. விரிவுரையாளர் குறிப்பெடுத்தார். அடுத்த வருஷ மாணவர்களுக்கு அதைச் சொன்னார் என்று பிறகு கேள்விப்பட்டேன், சந்தோஷம்.

தோட்டத் தொழிலாளர் சம்பள விஷயத்தை வகுப்பில் விவாதித்தபோதும் அப்படித்தான். 2021இல் சம்பள நிர்ணய சபை மூலம் 1,000 ரூபாய் வந்தது, 2024இல் 1,700 என்று வர்த்தமானி வந்து, கம்பனிகள் நீதிமன்றம் போய், கடைசியில் அந்த வருஷம் 1,350 ரூபாய் நாட்சம்பளம் என்று நின்றது. கூட்டு ஒப்பந்தம், சம்பள நிர்ணய சபை, வர்த்தமானி, நீதிமன்றம் என்று ஒரே சம்பளம் நான்கு வழியில் போன கதையை ஒரு கொள்கைக் கருவிகள் பாடமாகவே நடத்தலாம். அதை நடத்தும்படி கேட்டேன். நேரமில்லை என்றார்கள். அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம், போட்டால் என்ன கிடைக்கும் என்பதே வகுப்பில் ஒருவருக்கும் தெரியவில்லை.

நான்காவது தாமதம். ஆய்வை 2024இல் கொடுத்தேன், முடிவு வர எட்டு மாதம், பட்டமளிப்பு அதற்கும் பிறகு. அதற்குள் ஒரு நல்ல வேலைக்கு விண்ணப்பிக்க முடியாமல் போனது, சான்றிதழ் இல்லை. வேலை என்று பேசினால், கொள்கை ஆய்வாளர் என்று விளம்பரம் வரும் இடங்களில் பெரும்பாலும் பொருளாதாரம், சட்டம் படித்தவர்களைத்தான் தேடுகிறார்கள். எங்கள் வகுப்பிலிருந்து இரண்டு பேர் அமைச்சுகளில் முன்னர் இருந்த வேலையிலேயே மேலே போனார்கள், சிலர் தொண்டு நிறுவனங்களில் திட்ட இணைப்பாளர், ஒருவர் நன்னடத்தைத் திணைக்களம். நான் அதே தொண்டு நிறுவனம்தான், ஆனால் பொதி பிரிக்கும் வேலையிலிருந்து மாறி இப்போது கொள்கை வேலையைப் பார்க்கிறேன். சம்பளம் கொஞ்சம்தான் கூடியது.

சரி, கடிதத்துக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். இரண்டு பக்கக் கொள்கைச் சுருக்கம் ஒன்று எழுதினேன். முதல் பந்தியிலேயே என்ன வேண்டும், யாரிடம் வேண்டும், எவ்வளவு செலவு என்று எழுத வேண்டும், அழுகை எல்லாம் இரண்டாம் பந்திக்குப் பிறகு, அதுதான் முறை. பிரதேச செயலகத்துக்கு ஒன்று, தபால் கந்தோருக்கு ஒன்று, தோட்ட நிர்வாகத்துக்கு ஒன்று, மூன்றும் வேறு வேறு வேண்டுகோள், ஏனென்றால் மூன்று பேருடைய கையெழுத்தும் வேறு வேறு. தப்பால்காரரையும் கூட்டிக்கொண்டுதான் கூட்டத்துக்குப் போனேன், லெட்சுமிக் கணக்கை அவரே சொன்னார், மேசையில் இருந்த எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் டிவிசனில் லயத்து வீடான ஒவ்வொரு காம்பராக் கதவிலும் லய எண்ணும் வீட்டு எண்ணும் சிவப்புப் பெயின்ட்டில் ஏறிவிட்டது, இளைஞர் கழகப் பிள்ளைகள் எழுதினார்கள். ஆபிசில் ஒரு பதிவேடு வைத்திருக்கிறார்கள், கடிதம் வாங்குகிறவர் கையெழுத்துப் போட வேண்டும். பிரதேச சபையின் முறையான வீட்டு இலக்கம் இன்னும் வரவில்லை. தபால்காரர் லயத்துக்கு வரவும் இல்லை. அந்த வேலை தொடர்கிறது.

டித்வாவுக்குப் பிறகு சேத விபரம் எடுக்கப் போன இடங்களில் இதன் மறுபக்கத்தைப் பார்த்தேன். படிவத்தில் 'வீட்டு உரிமையாளர்' என்று ஒரு கட்டம். மூன்று தலைமுறையாக இருந்த காம்பரா மண்ணுக்குள் போயிருக்கிறது, அந்த அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இதுல என்னா தம்பி எழுதுறது, கம்பனினா எழுதுறது?" என்று விபரம் எழுதிய பையனிடம் கேட்டார். பையன் என்னைப் பார்த்தான். உரிமையாளர் கட்டத்தை வெறுமையாக விடாமல், அதற்குக் கீழே குடியிருப்பவர் பெயர், எத்தனை வருஷம், லய எண், வீட்டு எண், தோட்டப் பதிவு இலக்கம் என்று இன்னொரு தாளில் எழுதி இணைக்கச் சொன்னேன், எல்லா வீட்டுக்கும் அப்படியே செய்தோம். படிக்கமுன் இருந்தால் அந்த இடத்தில் அம்மாவோடு சேர்ந்து அழுதிருப்பேன், தாள் எழுத வேண்டும் என்று தோன்றியிருக்காது. காணி உறுதி பற்றிய பேச்சு வரும் நாளில் அந்தத் தாள்கள் இருக்கும்.

போக நினைப்பவர்களுக்குச் சில நடைமுறை விஷயம். உளவளத்துணைதான் (கவுன்சலிங்) விருப்பம் என்றால் இந்தச் சிறப்புப் பாடம் வேண்டாம், வேறு இருக்கிறது. குறைந்தது இரண்டு வருஷமாவது களத்தில் வேலை செய்துவிட்டுப் போங்கள், வெறுங்கையோடு போன பிள்ளைகள் வகுப்பில் கஷ்டப்பட்டார்கள். ஆய்வுத் தலைப்பைச் சேரும்போதே முடிவு செய்து, மலையகம் பற்றித் தெரிந்த வழிகாட்டி வேண்டும் என்று முதல் மாதமே எழுத்தில் கேளுங்கள், எனக்குக் கிடைத்தவர் நல்லவர், ஆனால் லயம் என்றால் என்ன என்று அவருக்குப் படம் வரைந்து காட்ட வேண்டியிருந்தது. களப்பயிற்சி இடத்தையும் நீங்களே தேடி, ஒப்புதல் கடிதத்தோடு போங்கள். சிங்களம் வாசிக்கப் பழகிக்கொள்ளுங்கள், சட்டங்களும் சுற்றறிக்கைகளும் அந்த மேசைகளில் அந்த மொழியில்தான் இருக்கின்றன.

என் 140 பக்கக் கலைச்சொல் கொப்பி தலவாக்கலையில் வீட்டில் இருக்கிறது. இந்த வருஷம் யாராவது சேர்கிறீர்கள் என்றால் சொல்லுங்கள், போட்டோக் கொப்பி எடுத்துத் தருகிறேன். தப்பால் பையில் அனுப்ப மாட்டேன், நேரில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.